ஆக்சிஜன் மீட்டர் பச்சை காட்டினால் இறங்கிவிடலாமா? கார்பன் பிடிப்பு ஆலைகளில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்

இரவு_ஷிப்ட்:
வணக்கம் நண்பர்களே. புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் கார்பன் பிடிப்பு ஆலை ஒன்றில் கம்ப்ரசர் பகுதியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஆலையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல முடியாது. போன மாதம் நடந்ததை இன்னும் மனதிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கம்ப்ரசர் கூடத்துக்குக் கீழே வடிகால் வால்வுகள் இருக்கும் பள்ளம் ஒன்று உண்டு, மார்பளவு ஆழம். ஒரு வால்வில் கசிவு என்று பார்க்கப் போனோம். நான் உள்ளே குனிந்து வேலை செய்தேன், கூட வந்தவர் மேலே நின்றார். பெல்ட்டில் வழக்கமான நாலு வாயு மீட்டர் இருந்தது. பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது, தலை பிளப்பது போல வலி, மாடிப்படி ஓடி ஏறியவனைப் போல மூச்சு வாங்குகிறது, சட்டை நனைந்துவிட்டது. மீட்டரைப் பார்க்கிறேன், ஆக்சிஜன் 20.3, பச்சை விளக்கு, சத்தமே இல்லை. மீட்டர் சரி என்கிறதே, நமக்குத்தான் ஏதோ உடம்புக்கு ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு போல்ட்டை இறுக்கிவிட்டு வரலாம் என்றிருந்தேன். மேலே நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு “ஏறு, இப்போதே ஏறு” என்று கத்தியதால் ஏறினேன். அப்புறம் லேபிலிருந்து தனி கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டி இறக்கினார்கள். 3.1 சதவீதம்.

அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? “பணியாளருக்கு உடல்நலக் குறைவு.” ஆக்சிஜன் சரியாக இருந்ததாம், அதனால் வாயு சம்பவம் இல்லையாம். மற்ற ஆலைகளிலும் இப்படித்தானா? நாலு வாயு மீட்டரை மட்டும் நம்பித்தான் எல்லோரும் இறங்குகிறீர்களா?

அளவுமானி:
அண்ணா, முதலில் நீங்கள் நலமாக இருப்பது பெரிய நிம்மதி. நான் கருவிப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் மீட்டர் பழுதாகவே இல்லை, அது தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொன்னது. அதுதான் இதில் பயங்கரம்.

கணக்கைப் பாருங்கள். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். கசிந்து வரும் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) காற்று மொத்தத்தையும் தள்ளுகிறது, ஆக்சிஜனை மட்டும் பொறுக்கியெடுத்துத் தள்ளுவதில்லை. அதனால் 5 சதவீதம் சிஓ2 வந்தால் ஆக்சிஜன் 20.9-லிருந்து 19.9-க்குத்தான் இறங்கும். அலாரம் பெரும்பாலும் 19.5-ல் வைத்திருப்பார்கள். அங்கே வர வேண்டுமானால் சிஓ2 ஏறத்தாழ 6.7 சதவீதம் ஆக வேண்டும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு 4 சதவீதம். அதாவது ஆபத்துக் கோட்டைத் தாண்டி வெகு தூரம் போன பிறகுதான் அந்த மீட்டர் வாயைத் திறக்கும். உங்கள் 3.1-க்கு 20.3 என்பது அச்சு அசலான கணக்கு.

நாலு வாயு மீட்டரில் இருப்பவை எரியும் வாயு, ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. சிஓ2 எரியாது, எனவே எரிவாயு சென்சாருக்கும் அது தெரியாது. அகச்சிவப்பு சென்சார் தனியாக வேண்டும்.

புது_வரவு:
தெரியாமல்தான் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிஓ2 நாம் மூச்சில் விடுவதுதானே, சோடாவில் இருப்பதுதானே? அதைப் போய் விஷம் என்கிறீர்களா, இல்லை ஆக்சிஜன் இல்லாமல்தான் ஆள் மயங்குகிறாரா? அடுத்த மாதம் இந்த மாதிரி ஆலையில் சேரப் போகிறேன்.

கரைப்பான்_லேப்:
நல்ல கேள்வி தம்பி. பயிற்சி வகுப்பிலேயே பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் சிஓ2 இருக்கிறது, சரி. ஆனால் உள்ளே இழுப்பதில் 0.04 சதவீதம்தான். இந்த வித்தியாசம் இருப்பதால்தான் ரத்தத்திலிருந்து அது வெளியேறுகிறது. உள்ளே வரும் காற்றிலேயே 3, 4 சதவீதம் இருந்தால் வெளியேற வழி குறைகிறது, ரத்தம் அமிலமாகிறது, மூளை வேகமாக மூச்சு வாங்கச் சொல்கிறது. வேகமாக வாங்க வாங்க இன்னும் அதிக சிஓ2 உள்ளே போகிறது. பக்கத்தில் ஆக்சிஜன் தேவையான அளவு இருந்தாலும் இது நடக்கும். 10 சதவீதத்துக்கு மேல் போனால் சில நிமிடங்களிலோ அதற்கும் முன்போ நினைவு தப்பிவிடும். ஆகவே இது வெறும் மூச்சுத்திணறல் வாயு கிடையாது, தன்னளவிலேயே நச்சு. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கான சட்ட வரம்பு 5000 பிபிஎம், அதாவது அரை சதவீதம். அண்ணன் குனிந்திருந்த இடத்தில் அதைப் போல ஆறு மடங்கு.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை சிஓ2-வால் வரும் கேட்டைக் கணக்கிடும்போது செறிவை எட்டாம் படிக்கு உயர்த்திக் காலத்தால் பெருக்குகிறது. செறிவு இரண்டு மடங்கானால் 256 மடங்கு நேரம் நின்றதற்குச் சமம் என்று அர்த்தம். “கொஞ்ச நேரம்தானே, சட்டென்று இறங்கி ஏறிவிடுகிறேன்” என்ற பேச்சு அதனால்தான் இந்த வாயுவிடம் செல்லாது.

புது_வரவு:
நன்றி அக்கா. எட்டாம் படியா… இது யாரும் சொல்லவில்லை.

மஞ்சள்_தொப்பி:
நான் பாதுகாப்பு அதிகாரியாக 14 வருடம் இருந்திருக்கிறேன். இழையின் போக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது. நிலையான சிஓ2 டிடெக்டர்கள் எங்கள் ஆலையில் எல்லாக் கூடத்திலும் இருக்கின்றன. மூடிய இடங்களுக்குப் பெர்மிட் (இறங்கும் முன் சோதித்துக் கையெழுத்துப் போடும் அனுமதித் தாள்) இருக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் இன்னொரு மீட்டர் என்று போனால் உடம்பில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், நாளடைவில் எதையும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கருவியைக் கூட்டுவதை விட பெர்மிட் ஒழுங்காக நடக்கிறதா என்று பாருங்கள்.

இரவு_ஷிப்ட்:
ஐயா, அனுபவத்தில் சொல்கிறீர்கள், மதிக்கிறேன். ஆனால் எங்கள் பெர்மிட்டில் நான் இறங்கிய பள்ளம் “மூடிய இடம்” பட்டியலிலேயே இல்லை. மேலே திறந்திருக்கிறதே, படிக்கட்டு இருக்கிறதே என்பதால் விட்டுவிட்டார்கள். சிஓ2 காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், மூடி இல்லாத பள்ளத்திலும் தண்ணீர் போலத் தேங்கும். கூடத்தின் நிலையான டிடெக்டர் தரையிலிருந்து என் தலைக்கு மேல் உயரத்தில் சுவரில் இருக்கிறது. அன்று அது ஒன்றுமே காட்டவில்லை.

அளவுமானி:
தலைக்கு மேலா! எரிவாயு டிடெக்டருக்குப் போட்ட வரைபடத்தையே அப்படியே நகல் எடுத்திருப்பார்கள், பல இடங்களில் பார்க்கிறேன். மீத்தேன் மேலே போகும், இது கீழே போகும். முழங்கால் உயரத்தில் வைக்க வேண்டியது. குளிர்ந்து வரும் கசிவு இன்னும் கனமாக இருக்கும்.

மஞ்சள்_தொப்பி ஐயா சொன்ன அலாரச் சலிப்பு உண்மையான பிரச்சினைதான், மறுக்கவில்லை. அதற்கு அலாரம் வைக்கும் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், கருவியையே எடுத்துவிடக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: சில மலிவான அகச்சிவப்பு சென்சார்கள் சில நாட்களில் பார்த்த மிகக் குறைந்த அளவைச் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு தானே பூஜ்யத்தைத் திருத்திக்கொள்ளும். அலுவலகக் கட்டடத்துக்கு அது பரவாயில்லை. எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும் கூடத்தில் மாட்டினால் கசிவையே சுத்தக் காற்று என்று கற்றுக்கொள்ளும். வாங்கும்போதே அந்த வசதியை அணைக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

குழாய்_வழி:
நான் பைப்லைன் ஆள். எங்கள் பக்கத்துச் சங்கதி வேறு மாதிரி. அழுத்தத்தில் அடைத்து அனுப்பும் சிஓ2 வாயுவும் இல்லை திரவமும் இல்லை என்கிற நிலையில் ஓடும். 31 டிகிரிக்கும் 74 பாருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) மேலே போனால் அப்படி. இதைத் திறந்து அழுத்தம் இறக்கும்போதுதான் ஆளை ஏமாற்றும்.

5.2 பாருக்குக் கீழே சிஓ2 திரவமாக இருக்க முடியாது. அழுத்தம் இறங்கி அந்த இடத்தைத் தாண்டும்போது குழாயிலும் பாத்திரத்திலும் மிச்சம் இருக்கும் திரவம் உலர்பனியாக உறைகிறது, மைனஸ் 78 டிகிரி வரை குளிரும். அழுத்தமானி (கேஜ்) பூஜ்யம் காட்டும். வெறுமையாகிவிட்டது என்று நினைத்து வால்வை மூடிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். உள்ளே கட்டியாக இருப்பது மெதுவாக வாயுவாகி மறுபடி அழுத்தம் ஏற்றும். திரும்பி வந்து குழாய் மூட்டின் (ஃபிளாஞ்ச்) போல்ட்டைக் கழற்றுபவர் முகத்துக்கு நேரே அது காத்திருக்கும். வாயுவை வெளியே விடும் வென்ட் குழாயிலேயே பனி அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம், அடைப்புக்குப் பின்னால் என்ன அழுத்தம் இருக்கிறது என்று கேஜ் சொல்லாது, அடைப்பு விட்டால் துப்பாக்கிக் குண்டு போல வரும். எங்கள் குழுவில் நான் போட்ட வழக்கம் இது: கேஜ் பூஜ்யம் ஆனாலும் வென்ட்டை மூடாமல் திறந்தே வைத்திருப்பது, குழாயின் வெளிப்பக்கம் வெப்பநிலை ஏறிச் சாதாரண நிலைக்கு வரும் வரை யாரும் ஸ்பேனர் எடுக்கக் கூடாது. வெளியே பனி படிந்திருந்தால் உள்ளேயும் கட்டி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மேனேஜர்களுக்குப் பொறுமை இருக்காது. இருக்கட்டும்.

சாதாரண கார்பன் ஸ்டீல் அவ்வளவு குளிரில் கண்ணாடி போல நொறுங்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் சீல்களும் அப்படியே. அழுத்தத்தில் சிஓ2 ரப்பருக்குள் ஊறிவிடும், சட்டென்று இறக்கினால் உள்ளிருந்து உப்பிக் கிழியும். ஒரு முறை அழுத்தம் இறக்கிய வால்வின் ஓ-ரிங்கை (ரப்பர் வளைய சீல்) பார்க்காமல் திரும்ப ஏற்றாதீர்கள்.

மஞ்சள்_தொப்பி:
குழாய்_வழி சொன்னது முழுக்க ஒப்புக்கொள்கிறேன். வென்ட் மூடும் பழக்கத்தை நானே எத்தனை முறை நிறுத்தியிருக்கிறேன்.

பச்சை_மனசு:
இவ்வளவு ஆபத்து என்றால் இந்தத் தொழிலே எதற்கு? புகையை நிறுத்துவதை விட்டுவிட்டுப் புகையைப் பிடித்துப் பூமிக்குள் தள்ளுகிறார்கள். மிசிசிப்பியில் சட்டார்ஷியா கிராமத்தில் 2020-ல் நடந்ததைப் படியுங்கள். ஆலைக்கு வெளியே இருக்கும் சாதாரண மக்களும் மாட்டிக்கொண்டார்கள்.

குழாய்_வழி:
சட்டார்ஷியா எங்கள் ஆட்கள் எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்றுதான். 2020 பிப்ரவரி 22, மாலை ஏழு மணி சுமாருக்கு 24 அங்குலக் குழாய் உடைந்தது. தொடர் மழையில் மண் சரிந்து குழாயின் வெல்டிங் மூட்டில் பாரம் ஏறிவிட்டது. சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். யாரும் இறக்கவில்லை, அதற்கு மீட்பு ஆட்களின் துணிச்சல் பெரிய காரணம். நடுச்சாலையில் கார்கள் நின்றுவிட்டன, இன்ஜினுக்கும் காற்று வேண்டுமே. மீட்கப் போகும் வண்டியும் நிற்கும் என்பதை எத்தனை அவசரத் திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்? வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று முன்பே போட்ட கணக்கு குறைவாக இருந்ததையும், உள்ளூர் மீட்புப் படைக்கு உடனே தகவல் போகாததையும் விசாரணை அறிக்கை சொல்கிறது.

தொழிலே வேண்டுமா என்பதில் எனக்கும் கருத்து உண்டு, ஆனால் இந்த இழையில் வேண்டாம் நண்பரே. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996-லிருந்து கடலுக்கடியில் செலுத்துகிறார்கள். நார்வேயில் பிரெவிக் சிமென்ட் ஆலையில் பிடித்ததைக் கப்பலில் ஏற்றிப் போய்ப் புதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்று இரவும் எங்கோ ஒருவர் ஷிப்டில் இருக்கிறார். அவருக்காகப் பேசுவோம்.

பச்சை_மனசு:
சரி, ஒத்துக்கொள்கிறேன். இடத்துக்குப் பொருந்தாமல் எழுதிவிட்டேன். என் மாமா இரசாயன ஆலையில் வேலை பார்த்தவர், அந்தக் கோபம் எனக்குள் இருக்கிறது.

கரைப்பான்_லேப்:
எல்லோரும் சிஓ2 பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆலைகளில் புகையிலிருந்து சிஓ2-வை உறிஞ்சுவது அமீன் கரைசல். பழையதும் பரவலானதும் மோனோஎத்தனாலமீன். கையில் பட்டால் வழுவழுவென்று இருக்கும், அது தோல் கரைவதன் அறிகுறி. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அமெரிக்காவில் அதற்கு எட்டு மணி நேர வரம்பு வெறும் 3 பிபிஎம்.

சாம்பிள் எடுக்கும் வேலைதான் எனக்குக் கவலை. சிஓ2 ஏறிய சூடான கரைசலைத் திறந்த பாட்டிலில் பிடித்தால் சோடா போலப் பொங்கும், சிஓ2-வும் அமீன் ஆவியும் சேர்ந்து முகத்துக்கு வரும். மூடிய சாம்பிள் சிலிண்டர் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ரீகிளைமர் கழிவு. கெட்டுப்போன அமீனை வடித்தெடுக்கும் அந்தப் பாத்திரத்தைச் சுத்தம் செய்ய யாரை அனுப்புகிறார்கள் என்று பாருங்கள், ஆலையின் நிரந்தர ஆட்களை அங்கே நான் பார்த்ததே இல்லை. அமீன் சிதையும்போது நைட்ரோசமீன்கள் உண்டாகும், அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்குபவை. நார்வேயின் பொதுச் சுகாதார நிறுவனம் வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.3 நானோகிராம் என்று வரம்பு பரிந்துரைத்தது. ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோகிராம், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. ஊர்மக்களுக்கு அவ்வளவு கவனம் என்றால் பாத்திரத்துக்குள் இறங்கிச் சுரண்டுபவருக்கு எவ்வளவு வேண்டும்?

ஷட்டவுன்_ஆள்:
அந்தப் பாத்திரத்தில் இறங்குவது நாங்கள்தான் அக்கா. காண்டிராக்ட். இருபது நாள் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திவைத்துப் பராமரிக்கும் காலம்), அப்புறம் வேறு ஆலை. எந்த ஆலையிலும் “இதில் என்ன இருந்தது” என்ற தாளை எங்கள் கையில் கொடுத்ததில்லை. பேப்பர் மாஸ்க்கும் மழைக்கோட்டு மாதிரி ஒரு உடையும் கொடுப்பார்கள். ஒரு இடத்தில் மட்டும் காற்று அடிக்கும் ஹோஸ் மாஸ்க் கொடுத்தார்கள்.

வேலையை நிறுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று போர்டு வைத்திருப்பார்கள். நான் ஒரு முறை நிறுத்தினேன். தலை சுற்றுகிறது, மறுபடி காற்றைச் சோதியுங்கள் என்றேன். சோதித்தார்கள், ஆக்சிஜன் சரி என்றார்கள். அன்றைக்குச் சம்பளம் வெட்டவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் அடுத்த ஷட்டவுனுக்குக் கூப்பிடவில்லை. இன்றுதான் இந்த இழையைப் படித்துவிட்டு அன்று எனக்கு என்ன நடந்திருக்கும் என்று புரிகிறது.

இரவு_ஷிப்ட்:
தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியவில்லை. நீ அன்று நிறுத்தியது சரி.

கரைப்பான்_லேப்:
பேப்பர் மாஸ்க் சிஓ2-வுக்கும் அமீன் ஆவிக்கும் ஒன்றும் செய்யாது. வடிகட்டி மாஸ்க் எந்த வகையானாலும் சிஓ2-வைத் தடுக்காது, அமீனுக்கான கார்ட்ரிட்ஜ் உட்பட. வெளியிலிருந்து காற்று வரும் கருவி, இல்லையென்றால் முதுகில் சிலிண்டர். அது இல்லாமல் இறங்காதே தம்பி.

மஞ்சள்_தொப்பி:
ஷட்டவுன்_ஆள் எழுதியதைப் படித்த பிறகு நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். பெர்மிட் ஒழுங்காக இருந்தால் போதும் என்று சொன்னேன். பெர்மிட்டில் கேட்கும் கேள்வியே தவறாக இருந்தால் ஒழுங்காக நிரப்பி என்ன பயன்? “ஆக்சிஜன் 19.5-க்கு மேல்” என்று ஒரு கட்டம், அதில் டிக். நானே ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஒரு பழைய விபத்தைச் சொல்கிறேன். 1998 ஜூலை 28, அமெரிக்காவில் ஐடஹோ தேசிய ஆய்வு வளாகம். மின் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது தீயணைப்புக்கான சிஓ2 அமைப்பு முன்னெச்சரிக்கை மணி கூட அடிக்காமல் திறந்துகொண்டது. உள்ளே 13 பேர். ஒருவர் இறந்தார், பலர் மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள். அமைப்பை மின்னணு முறையில் முடக்கியிருந்தார்கள், ஆனால் குழாயில் வால்வை மூடிப் பூட்டவில்லை. ஸ்கிரீனில் “முடக்கப்பட்டது” என்று வந்ததை நம்பினார்கள். கார்பன் பிடிப்பு ஆலை இல்லைதான், ஆனால் அதே வாயு. பூட்டு கையால் தொட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று என் ஆட்களிடம் சொல்வதற்கு அதுதான் காரணம்.

அப்புறம் மீட்புப் பணி. மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று நியோஷ் 1986-ல் எழுதியது. இரவு_ஷிப்ட், உங்கள் கூட்டாளி பள்ளத்துக்குள் குதிக்காமல் மேலே நின்று கத்தினார் பாருங்கள், இருவருமே பிழைத்தது அதனால். அவரைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னார்களா?

இரவு_ஷிப்ட்:
இல்லை ஐயா. நான் சொன்னேன்.

புது_வரவு:
சேரும்போது நான் என்னென்ன கேட்க வேண்டும்? எல்லாம் கேட்டால் வேலையே கிடைக்காதோ என்றும் பயமாக இருக்கிறது.

குழாய்_வழி:
மூன்று கேட்டால் போதும் தம்பி. உடம்பில் மாட்டும் மீட்டரில் சிஓ2 சென்சார் இருக்கிறதா. காற்று வீசும் திசை காட்டும் துணிக்குழல் உன் வேலை இடத்திலிருந்து தெரிகிறதா. கசிவு வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நடந்து காட்டுவார்களா. ஓடுவது எப்போதும் காற்றுக்குக் குறுக்காக, மேட்டை நோக்கி. வெண்மேகத்துக்கு வெளியே நிற்கிறோமே என்று நின்றுவிடாதே, அந்த வெண்மை பெரும்பாலும் காற்றின் ஈரம் குளிர்ந்து தெரிவதுதான், வாயு அதையும் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். காற்றே இல்லாத நாளில் இன்னும் கவனம். ஜெர்மனியில் மோன்ஷன்கிளாட்பாக்கில் 2008 ஆகஸ்டில் அப்படி ஒரு காலையில்தான் ஒரு தொழிற்சாலையின் சிஓ2 வெளியேறி நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பாதித்தது.

அளவுமானி:
சிஓ2-வைப் பூமிக்குள் செலுத்தும் ஊசிக்கிணறுகளில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், கிணற்று வாயைச் சுற்றியிருக்கும் தொட்டி போன்ற குழியையும் இதே கணக்கில் சேருங்கள். மூடி கிடையாது, அதனால் பட்டியலில் இருக்காது.

இரவு_ஷிப்ட்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அளவுமானி போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் வைத்தேன். 5 சதவீதம் சிஓ2-வில் ஆக்சிஜன் 19.9 என்ற அந்த ஒரு வரியை மேனேஜர் இரண்டு முறை படித்தார். அறிக்கையில் “உடல்நலக் குறைவு” என்பதை அடித்து “வாயு வெளிப்பாடு” என்று மாற்றினார்கள். வடிகால் பள்ளங்கள் ஒன்பதும் மூடிய இடம் பட்டியலில் ஏறிவிட்டன. டிடெக்டர்களைக் கீழே இறக்க அடுத்த ஷட்டவுன் வரை ஆகுமாம். சிஓ2 மீட்டர் நிரந்தர ஆட்களுக்கு உடனே, காண்டிராக்ட் ஆட்களுக்கு “பிறகு பார்க்கலாம்” என்றார்கள். அதற்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, கூட்டம் அதோடு நிற்கிறது. வியாழக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.

மஞ்சள்_தொப்பி ஐயா, பெர்மிட் தாளில் அந்தக் கட்டத்தை எப்படி எழுதச் சொல்வீர்கள்? கையில் வாசகம் இருந்தால் பேசச் சுலபம்.

மஞ்சள்_தொப்பி:
இப்படி எழுதிக் கொடுங்கள்: “ஆக்சிஜன் அளவு, சிஓ2 அளவு இரண்டும் தனித்தனிக் கருவியால், வேலை செய்பவரின் முகம் இருக்கும் உயரத்திலும் தரை மட்டத்திலும் அளக்கப்பட்டன. சிஓ2 5000 பிபிஎம்-க்கு மேல் இருந்தால் மூச்சுக்கருவி இல்லாமல் அனுமதி இல்லை. உள்ளே இறங்கும் ஒவ்வொருவரிடமும், எந்த நிறுவனத்தின் ஆளாக இருந்தாலும், சிஓ2 மீட்டர் உள்ளது.” கடைசி வாக்கியத்தைப் பெர்மிட்டிலேயே போட்டுவிட்டால் மீட்டர் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போட முடியாது, காண்டிராக்ட் ஆட்களுக்குத் தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

ஷட்டவுன்_ஆள்:
ஐயா, “எந்த நிறுவனத்தின் ஆளாக இருந்தாலும்” என்பதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் எப்படியும் பேசி வாங்கிவிடலாம்.

இரவு_ஷிப்ட்:
விட மாட்டேன் தம்பி. தாளைத் தட்டச்சு செய்துவிட்டேன். வியாழன் இரவு வந்து எழுதுகிறேன்.